வாங்கியதும் இரவல் வாங்கியதும்

பெரியப்பா அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவருடைய எண்பதாவது பிறந்தநாளுக்கு ஒரு மின்வாசிப்பான் வாங்கிக் கொடுத்திருந்தேன். ஸ்காபரோவில் அவருடைய அடுக்குமாடி வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அதை வைத்து, இணைய இணைப்புக் கொடுத்து, அவர் பெயரில் கணக்குத் திறந்து, ஒரு தமிழ் நாவலை இறக்கிக் காட்டினேன். எழுத்தைப் பெரிதாக்கினேன். இன்னும் பெரிதாக்கினேன். இரண்டு வருடமாக உருப்பெருக்கிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பத்திரிகைத் தலைப்புகளை மட்டும் வாசித்துவந்த மனிதர், ஒரு முழுப் பக்கத்தை வாய்விட்டு வாசித்தார். பிறகு கருவியைத் திருப்பி அதன் முதுகைப் பார்த்தார்.

"தம்பி, இந்தப் புத்தகம் வாங்கினதோ, இரவல் வாங்கினதோ?"

"வாங்கினதுதான் பெரியப்பா. காசு குடுத்திருக்கு."

"அப்ப நான் வாசிச்சு முடிய, கீழ்வீட்டு மாஸ்டருக்குக் குடுக்கலாமோ?"

"கருவியோட குடுக்கலாம்" என்றேன்.

அவர் அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருடத்துக்குக் கிட்ட வடபகுதிப் புகையிரதப் பாதையில் ஸ்டேசன் மாஸ்டராக இருந்தவர். கையெழுத்து வாங்காமல் ஒரு பொதியைக் கைமாற்றாதவர். நான் சொன்ன பதிலில் ஏதோ ஒரு சீட்டுக் குறைகிறது என்பது அவருக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். எனக்கு விளங்க ஆறு வருடம் எடுத்தது.

நான் ஒரு கருவிப்பித்தன். என் மேசை இழுப்பறையில் ஒரு பாம் பைலட், ஒரு மினிடிஸ்க், முதற் தலைமுறைகளைச் சேர்ந்த இரண்டு ஐபொட், எந்தக் கணினியிலும் இனிப் பொருந்தாத வயர்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன. புதிதாக ஒன்று வந்தால் அதன் மதிப்பீடுகளை வாசிக்காமல் எனக்கு நித்திரை வராது. மின்கலம் எத்தனை மணிநேரம் நிற்கும், திரை வெயிலில் தெரியுமா, எடை எத்தனை கிராம் என்று அவை ஒரு அட்டவணை போடும். நானும் இந்தச் சஞ்சிகைக்கு மின்வாசிப்பான்கள் பற்றி அப்படி ஒரு மதிப்பீட்டைத்தான் எழுத நினைத்தேன். தமிழ் வாசகருக்கு எது நல்லது, எது ஆகாது என்று. எழுதும்போது அட்டவணையில் இல்லாத ஒரு கட்டத்தை நிரப்ப வேண்டிவந்தது: உரியவர் போன பிறகு இந்தப் பொருள் என்ன ஆகும்?

முதலில் நல்லதைச் சொல்கிறேன், ஏனென்றால் நல்லது நிறைய உண்டு.

மின்மைத் திரை என்பது கைத்தொலைபேசியின் திரை போன்றதல்ல. கண்ணுக்குத் தெரியாத சிறு குமிழ்களுக்குள் கறுப்பும் வெள்ளையுமான நுண்துகள்கள், எதிரெதிர் மின்னேற்றத்தோடு மிதக்கின்றன. மின்புலத்தை மாற்றினால் கறுப்பு மேலே வரும் அல்லது வெள்ளை மேலே வரும். வந்தது அங்கேயே நிற்கும். பக்கம் மாறும்போது மட்டும்தான் திரைக்கு மின்சாரம் வேண்டும். அதனால்தான் ஒருமுறை மின்னேற்றினால் வாரக்கணக்கில் நிற்கிறது. தாளைப் போல, விழும் வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதால் கண் களைப்பதும் குறைவு. 2007இல் வந்த முதல் கிண்டிலில் அங்குலத்துக்கு 167 புள்ளிகள். இன்றைய கருவிகள் பலவற்றில் 300. ஆங்கிலத்துக்கு 167 போதும். ஞகரத்தின் சுழியும் ணகரத்தின் மூன்று வளைவும் மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளியும் உள்ள ஒரு மொழிக்கு 300 வந்த பிறகுதான் உயிர் வந்தது.

எழுத்தும் ஊடகமும் ஒன்றையொன்று வளைப்பது நமக்குப் புதிதல்ல. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று புள்ளியில்லாமலே எழுதிய காலம் நீண்டது. எகரமா ஏகாரமா, ஒற்றா உயிர்மெய்யா என்று வாசிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். அந்தக் கஷ்டத்தோடு ஒப்பிட்டால் இன்றைய குறைகள் சிறியவை. ஆனாலும் அவை குறைகள். பெரியப்பாவைப் போல எழுத்தைப் பெரிதாக்கி வாசிப்பவருக்கு ஒரு வரியில் இரண்டு மூன்று சொற்களே கொள்ளும். 'வந்திருந்தவர்களிடமிருந்து' போன்ற ஒரு சொல் வந்தால் முந்திய வரி இரண்டு சொற்களோடு பல்லுப் போன வாயாகிவிடும். சொல்லை எங்கே உடைக்கலாம் என்று ஆங்கிலத்துக்குத் தெரிந்த அளவுக்குத் தமிழுக்குத் தெரிந்த கருவியை நான் காணவில்லை. ஒரு சொல்லின் மேல் விரலை வைத்தால் ஆங்கிலத்தில் அகராதி திறக்கும். தமிழில் வேற்றுமையும் இடைச்சொல்லும் ஒட்டிய சொல்லைக் கொடுத்தால் கருவி விழிக்கும். நூலுக்குள் 'மரம்' என்று தேடினால் 'மரத்தடியில்' அகப்படாது. இரண்டாம் தலைமுறைப் பிள்ளை ஒன்று அகராதித் துணையோடு ஒரு தமிழ் நாவலை வாசிக்க முயன்றால், அதிகம் தேவைப்படும் இடத்தில்தான் கருவி அதைக் கைவிடுகிறது. இவை பொறியியலால் தீரக்கூடியவை. ஒருநாள் தீரும்.

கடையைப் பற்றியும் நன்றியோடு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 2016 டிசம்பரில் அமேசான் தமிழ் உள்ளிட்ட ஐந்து இந்திய மொழிகளில் கிண்டில் நூல்களை விற்கத் தொடங்கியது. அதற்கு முன்பு ரொறன்ரோவில் ஒரு தமிழ்ப் புத்தகம் வேண்டுமென்றால் ஊருக்குப் போகிறவரிடம் சொல்லிவிட வேண்டும். அவர் பெட்டியில் முறுக்குக்கும் மிளகாய்த்தூளுக்கும் இடம் போக மிஞ்சினால் புத்தகம் வரும். தபாலில் எடுப்பித்தால் புத்தகத்தின் விலையைவிடத் தபாற்செலவு கூட. இரவு பதினொரு மணிக்கு, பனிக்குள் வெளியே போகாமல், சென்னையில் வந்த புத்தகத்தைக் கட்டிலில் கிடந்தபடி திறப்பது என்பது 1990களில் இங்கு வந்திறங்கிய ஒருவருக்குச் சின்ன விஷயமல்ல. அச்சில் இல்லாமற்போன நூல்கள் சில இந்த வழியில் மீண்டன. பதிப்பகத்தின் வாசலை மிதிக்காமலே பலர் எழுத்தாளரானார்கள். அவர்களில் நல்லவர்களும் உண்டு.

இதே கடையின் மாதச் சந்தா முறையில் 2015 ஜூலையிலிருந்து எழுத்தாளருக்குப் பணம், வாசகர் புரட்டிய பக்கக் கணக்குக்கு. அறுநூறு பக்கத் தொடர்கதைக்கும் நாற்பது பக்கக் கவிதைத் தொகுப்புக்கும் ஒரே தராசு. கவிதையை நாலு தரம் திரும்ப வாசித்தாலும் முதற்தரப் பக்கங்களுக்கு மட்டும்தான் காசு. இதை நான் ஒரு பெரிய அநீதியாகச் சொல்ல வரவில்லை. ஆனால் எந்த வகை எழுத்து பெருகும் என்பதை இந்தத் தராசும் தீர்மானிக்கிறது. விமர்சகர்கள் எழுத்தாளரின் அழகியலைப் பற்றிப் பேசுகிறார்கள். கடையின் கணக்கியலைப் பற்றியும் பேச வேண்டிய காலம் இது.

இனி, பெரியப்பாவின் கேள்விக்கு வருகிறேன்.

அவர் சென்ற மார்கழியில் போனார். அந்தியேட்டி முடிந்த கையோடு அக்கா, அவருடைய மகள், செய்ய வேண்டியதைச் செய்தாள். கடனட்டையை நிறுத்தினாள், தொலைபேசியை வெட்டினாள். அலுமாரியில் இருந்த அச்சுப் புத்தகங்களைப் பிரித்தோம். சிலதைக் கீழ்வீட்டு மாஸ்டர் எடுத்தார், சிலதை நான். மிச்சத்தை ஒரு வாசிப்பு வட்டத்துக்குக் கொடுத்தோம். ஒரு பின்னேரத்தில் முடிந்த வேலை. யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

மின்வாசிப்பானில் நூற்றுக்கு மேற்பட்ட நூல்கள் இருந்தன. சந்தாவில் எடுத்தவை அட்டையோடு போய்விட்டன, அது நியாயம். மற்றவை காசு கொடுத்து எடுத்தவை. அவற்றை என் கணக்குக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். மிகவும் மரியாதையான பதில் வந்தது. கணக்கு கைமாறாது. நூல்கள் விற்கப்பட்டவையல்ல, உரிமம் அளிக்கப்பட்டவை. இழப்புக்கு வருந்துகிறோம். கடையின் பெயரைச் சொல்வதில் பயனில்லை. பெரிய கடைகளின் ஒப்பந்தங்களை எடுத்து வாசியுங்கள், சொற்கள் மாறும், பொருள் பெரும்பாலும் இதுதான். பெரியப்பா கேட்ட அன்றே ஒப்பந்தத்தை வாசித்திருந்தால் அன்றே சரியான பதிலைச் சொல்லியிருப்பேன்.

தமிழில் 'வாங்கு' என்ற சொல் தாராளமானது. கடையில் வாங்கலாம், கடன் வாங்கலாம், இரவல் வாங்கலாம், அடியும் வாங்கலாம். எதை எப்படி வாங்கினோம் என்பதை முன்னால் நிற்கும் சொல் சொல்லிவிடும். கடையின் பொத்தானில் அந்த முன்சொல் இல்லை. இந்த ஏமாற்று எந்த மொழியிலும் நடக்கக்கூடியது என்பதற்குச் சாட்சி, கலிபோர்னியாவில் 2024 செப்டம்பரில் கையெழுத்தாகி 2025 ஜனவரி 1இல் நடைமுறைக்கு வந்த சட்டம். மின்பொருளை விற்கும் கடை 'வாங்கு' என்ற வகைச் சொல்லைப் போட்டால், உண்மையில் கிடைப்பது உரிமம்தான் என்பதைத் தெளிவாகச் சொல்லவும் வேண்டும். அதில் ஒரு விலக்கு: வாடிக்கையாளர் தன் கணினியில் நிரந்தரமாக இறக்கி, இணையமில்லாமல் பயன்படுத்தக்கூடிய பொருளுக்கு இந்த எச்சரிக்கை தேவையில்லை. அதாவது, எடுத்து உன் அலுமாரியில் வைக்க முடிந்தால் அது வாங்கியது. முடியாவிட்டால் இரவல். ஸ்டேசன் மாஸ்டர் ஒருவர் எழுதியது போன்ற சட்டம்.

கைமாற்றும் உரிமையைப் பற்றி நீதிமன்றங்களும் பேசிவிட்டன. அச்சுப் புத்தகத்தை வாங்கியவர் அதை விற்கலாம், கொடுக்கலாம், விட்டுச்செல்லலாம். வாங்கிய இசைக்கோப்புகளை மறுவிற்பனை செய்ய முயன்ற ரீடிஜி என்ற நிறுவனத்துக்கு எதிராக 2018இல் அமெரிக்க மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்னூல்களை மறுவிற்பனை செய்த டொம் கபினெற் என்ற டச்சு நிறுவனத்துக்கு 2019 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் முடியாது என்றது. பழைய புத்தகக் கடை என்ற ஒன்று மின்னூலுக்கு இந்த இரு கரைகளிலும் சட்டப்படி இல்லை. மூர் மார்க்கெட்டின் நடைபாதையில் தமிழ் வாசகர்கள் எத்தனை தலைமுறையாக வளர்ந்தார்கள் என்பதை நினைத்தால் இதன் இழப்பு விளங்கும்.

இரவல் கொடுத்தவர் திரும்ப வாங்கிய கதைகளும் உண்டு. 2009 ஜூலையில் அமேசான், உரிமையில்லாத ஒரு விற்பனையாளர் விற்ற மின்னூல்களை வாசகர்களின் கிண்டில்களிலிருந்து தொலைவிலிருந்தே அழித்தது. அழிந்த நூல்களில் ஜோர்ஜ் ஓர்வெல்லின் 1984உம் இருந்தது. பணம் திரும்பியது. நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ஆனால் அந்த நூலில் பாடத்துக்காகக் குறிப்புகள் எழுதிவைத்திருந்த ஒரு மாணவருக்கு, குறிப்பு ஒட்டிநின்ற பக்கங்கள் இல்லாமற்போயின. அவர் வழக்குப் போட்டார். 2019இல் மைக்ரோசொப்ட் தன் மின்னூல் கடையை மூடியபோது விற்ற நூல்கள் எல்லாம் திறக்காமற்போயின. முழுப் பணமும் திருப்பிக் கொடுத்தது. நூலில் குறிப்புகள் எழுதியிருந்தவர்களுக்கு மேலதிகமாக 25 டொலர். வாசகரின் ஓரக்குறிப்புக்கு ஒரு பெருநிறுவனம் விலை போட்ட அபூர்வ சந்தர்ப்பம் அது. 2025 பெப்ரவரி 26இல் அமேசான், வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி வயர்மூலம் மாற்றும் வசதியை நிறுத்தியது. பெரும்பாலானோர் அதைக் கவனித்திருக்கவும் மாட்டார்கள். எடுத்து அலுமாரியில் வைக்கும் வழி ஒன்று சத்தமில்லாமல் அடைபட்டது.

இது உலக வாசகர் எல்லாருக்கும் உள்ள பிரச்சினைதானே, இதில் தமிழருக்கென்று என்ன என்று கேட்கலாம். இருக்கிறது.

ஓலை நிலைக்காது. செல்லரிக்கும், ஒடியும். பழைய ஏடுகளை ஆடிப்பெருக்கில் ஆற்றோடு விட்ட கதைகளை உ.வே.சாமிநாதையர் வயிறெரிந்து எழுதியிருக்கிறார். ஆயினும் சங்கப் பாடல்கள் நமக்குக் கிடைத்தன. காரணம் ஓலையின் உறுதியல்ல. யாரோ ஒருவர், அவருக்குப் பிறகு இன்னொருவர், பொருள் விளங்கியும் விளங்காமலும், பிழையோடும் பிழையில்லாமலும் படியெடுத்துக்கொண்டே வந்ததுதான். உ.வே.சா. சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்ததும், சிறுப்பிட்டிச் சி.வை.தாமோதரம்பிள்ளை அதே ஆண்டில் கலித்தொகையைப் பதிப்பித்ததும், ஊரூராகக் கிடந்த பல படிகளை ஒப்புநோக்கித்தான். படியெடுக்கக் கூடாது என்று ஏட்டுக்கு ஒரு பூட்டு இருந்திருந்தால் ஒப்புநோக்க அவர்களுக்கு ஒன்றும் இருந்திராது. ஏட்டை ஒளித்துவைத்த வீடுகளிலேதான் ஏடு அழிந்தது.

மின்னூலின் பூட்டு தடுப்பது அந்த ஒரு செயலை: படியெடுப்பதை. நமது இலக்கியம் எதனால் பிழைத்ததோ அதை.

பல படிகள் ஓரிடத்தில் இருந்தாலும் போதாது என்பதை 1981இல் யாழ்ப்பாண நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களோடு கற்றோம். அந்தப் பாடத்தின் பிள்ளைகள்தான் 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளமும், அதைப் போன்ற முயற்சிகளும். அதற்கும் முன்பே 1998 தைப்பொங்கலன்று, சுவிற்சர்லாந்தின் லோசான் நகரிலிருந்த கல்யாணசுந்தரம் உலகெங்குமுள்ள தன்னார்வலர்களைச் சேர்த்து மதுரைத் திட்டத்தைத் தொடங்கினார். ஒருவர் தட்டச்சு, இன்னொருவர் மெய்ப்பு. காலம் மாற அந்தக் கோப்புகளைத் திஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றினார்கள். அது என்ன வேலை? ஏடு பழுதாகுமுன் புதிய ஏட்டில் படியெடுக்கும் வேலை. பூட்டில்லாத கோப்பாக இருந்ததால்தான் அது முடிந்தது.

எல்லாப் பழியையும் கடைகளின் தலையில் போடவும் நான் தயாரில்லை. மரத்தடி, ராயர் காபி கிளப் போன்ற யாஹூ குழுமங்களில் இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் நடந்த இலக்கியச் சண்டைகளை நினைவுள்ளவர்கள் இதை வாசித்துக்கொண்டிருப்பீர்கள். யாஹூ 2019 டிசம்பரில் குழுமங்களின் பழைய உள்ளடக்கத்தை நீக்கத் தொடங்கியது. ஒரு வருடத்தில் சேவையையே மூடியது. முன்கூட்டியே அறிவித்துத்தான் செய்தது. நம்மில் எத்தனை பேர் இறக்கி வைத்தோம்? நான் வைக்கவில்லை. புலம்பெயர் சிறுபத்திரிகைகளின் கதை இன்னும் மோசம். தொண்ணூறுகளில் பாமினி எழுத்துருவில் அச்சுக்கோத்த ஒரு இதழின் கோப்புகள் என்னிடம் ஒரு இறுவட்டில் உண்டு. எழுத்துரு இல்லாமல் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ என்று நாலு ஆங்கில எழுத்தும் ஒரு அரைப்புள்ளியும் நிற்கின்றன. அந்தப் பூட்டை எந்த நிறுவனமும் போடவில்லை. அவசரத்தில் நாமே போட்டது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பாமினிக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றும் செயலிகள் இருக்கின்றன, ஒரு பின்னேரம் இருந்தால் மீட்டுவிடலாம், யாரும் என்னைத் தடுக்கமாட்டார்கள். கடையின் பூட்டைத் திறப்பது பல நாடுகளில் சட்டப்படி குற்றம்.

இந்த இடத்தில் எழுத்தாள நண்பர்கள் கோபப்படுவார்கள், அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. புத்தகம் வந்த மாதத்திலேயே அதன் பிடிஎஃப் வட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. 'இலக்கிய சேவை' என்று சொல்லி அனுப்புகிறவர்கள், எழுத்தாளரின் வீட்டு வாடகையை யார் கட்டுகிறார்கள் என்று யோசிப்பதில்லை. முந்நூறு பிரதி விற்றால் பெரிய காரியம் என்று இருக்கும் மொழியில் முப்பது பேர் திருடினால் அது காயம். பூட்டை எடு என்று சொல்வது யாருக்கு உதவும்?

என் பதில் இது. அந்தப் பிடிஎஃப் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நான் கண்டவற்றில் பெரும்பாலானவை அச்சுப் புத்தகத்தை நகலெடுத்தவை. ஓரத்தில் ஒரு பெருவிரல் தெரியும். பூட்டு அந்தப் பெருவிரலைத் தடுக்கவில்லை. அது தடுத்தது, காசு கொடுத்து வாங்கி, தன் பிள்ளைக்கு விட்டுச்செல்ல நினைத்த நேர்மையான வாசகரை. கள்ளனுக்குத் திறந்தும் வீட்டுக்காரருக்குப் பூட்டியும் இருக்கும் கதவை நாம் ஏன் காசு கொடுத்துப் போடுகிறோம்?

இதில் பதிப்பாளருக்கும் எழுத்தாளருக்கும் அதிகாரம் இருக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கிண்டிலில் நூலை ஏற்றும்போது, பூட்டு வேண்டுமா வேண்டாமா என்று கடை கேட்கிறது. அது எழுத்தாளரின் தெரிவு. அவசரத்தில் எதையோ அழுத்திவிட்டுப் போகிறோம். அடுத்த நூலுக்கு 'வேண்டாம்' என்று அழுத்துங்கள். கடையில் விற்பதோடு, அதே நூலை ஈபப் கோப்பாக உங்கள் பதிப்பகத்தின் பக்கத்திலும் விற்றுப் பாருங்கள். பூட்டில்லாத ஒரு படியை, இத்தனை வருடம் கழித்துத்தான் பொதுவில் திறக்கலாம் என்ற நிபந்தனையோடு, ஒரு ஆவணக் காப்பகத்திடம் ஒப்படையுங்கள். விற்பனைக்கு இதனால் குறைவு வராது. நீங்களும் பதிப்பகமும் கடையும் இல்லாத ஒரு நாளில் நூல் இருக்கும்.

வாசகர்களாகிய நமக்கும் வேலை உண்டு. பொழுதுபோக்குக்கு ஒருமுறை வாசிப்பதைச் சந்தாவிலும் இரவலிலும் வாசியுங்கள், அதில் ஒரு குற்றமும் இல்லை. பொது நூலகத்திலும் அதைத்தானே செய்கிறோம். பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல நினைக்கும் நூலைத் தாளிலோ பூட்டில்லாத கோப்பிலோ வாங்குங்கள். எந்தக் கருவி நல்லது என்று என்னை இப்போதும் கேட்கிறார்கள். திரை, மின்கலம், எடை எல்லாம் இன்று எதிலும் குறைசொல்ல முடியாத அளவுக்கு வந்துவிட்டன. கடைக்கு வெளியே கிடைத்த ஒரு கோப்பை வயர்மூலம் ஏற்றினால் தமிழ் ஒழுங்காகத் தெரிகிறதா என்று பாருங்கள். ஏற்றியதை மறுபடி வெளியே எடுக்க முடிகிறதா என்றும் பாருங்கள். இரண்டுக்கும் ஆம் என்றால் வாங்குங்கள். நான் இப்போது அப்படித்தான் மதிப்பெண் போடுகிறேன்.

பெரியப்பாவின் கருவி என்னிடம்தான் இருக்கிறது. அதை விமானப் பயணத்துக்குரிய நிலையில் போட்டு வைத்திருக்கிறேன். இணையத்தில் ஒருதரம் இணைந்தால் என்னென்ன நூல் மறையும் என்று எனக்குத் தெரியாது, பரிசோதித்துப் பார்க்கவும் மனமில்லை. மாதத்துக்கு ஒருமுறை மின்னேற்றுகிறேன். மின்கலம் எவ்வளவு காலம் நிற்கும் என்பதே இப்போது அந்த நூல்களின் ஆயுள்.

அதில் எனக்கு வேண்டியது நூல்கள் மட்டுமல்ல. மனிதர் ஓரக்குறிப்பு எழுதியிருக்கிறார். எண்பது வயதில் ஒற்றை விரலால், திரையில் தட்டித்தட்டி. யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்ட ஒரு நாவலில், கதாநாயகன் இரவுத் தபால் வண்டியில் வந்திறங்கும் பக்கத்தில்: 'அன்றைக்கு வண்டி இரண்டு மணித்தியாலம் பிந்தி வந்தது. கடமையில் இருந்தது நான்.' இன்னொரு நாவலில், புகையிரத மேடையில் ஒரு குடும்பம் பிரியும் காட்சிக்குப் பக்கத்தில்: 'இப்படித்தான். ஆனால் தாய் அழவில்லை.' யாருடைய தாய், எந்த மேடை, எந்த வருடம், ஒன்றும் இல்லை. குறிப்புகளை மட்டும் ஒரு கோப்பாகக் கருவியிலிருந்து எடுக்க முடிந்தது. எடுத்துப் பார்த்தால் 'ஆனால் தாய் அழவில்லை' என்ற வரி, எதற்குப் பக்கத்தில் நிற்கிறது என்று தெரியாமல் தனியே நிற்கிறது. அந்த நாவலை என் கணக்கில் வாங்கி ஒப்பிடலாம் என்று போனேன். இப்போது அது கடையில் இல்லை.

ஆகவே ஒரு நாற்பது ரூல் கொப்பி வாங்கினேன். இடப்பக்கம் நாவலின் அந்த வரிகள், வலப்பக்கம் பெரியப்பாவின் குறிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் கருவியைத் திறந்து, பார்த்துப் பார்த்து, பேனையால் எழுதுகிறேன். இருபத்தைந்து வருடமாகக் கருவிகளின் பின்னால் ஓடிய ஒருவன் கடைசியில் வந்து சேர்ந்த தொழில்நுட்பம் அது. முதலாவது கொப்பி முடிகிற நிலையில் இருக்கிறது. முடிந்ததும் அக்காவுக்கு ஒரு படி எடுத்துக் கொடுப்பேன். கீழ்வீட்டு மாஸ்டரும் ஒன்று கேட்டிருக்கிறார்.